தாது வருஷத்துக் குழி

என் அண்ணா இந்த மலைக்கு வந்த முதல் நாளே அந்தச் சொல்லைச் சாவடியில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டார்.

"உங்க மலையில தாது இருக்குதுங்க. நெறைய இருக்குது. அதப் பாத்துட்டுப் போகத்தான் வந்திருக்கறோம்."

ஓரமாக உட்கார்ந்திருந்த பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார்கள். ஊர்க்கவுண்டர் கருப்பண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு அண்ணாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க சொல்றது மண்ணுங்க தொரை. எனக்குத் தெரியுது, இவங்களுக்கும் தெரியுது. ஆனா அந்தப் பேர மட்டும் இங்க எடுக்காதீங்க. சித்திரையில அது பொறக்கப் போகுது."

அது யுவ வருஷத்து மார்கழி. அறுபது வருஷச் சுற்றில் யுவ முடிந்தால் தாது. போன சுற்றில் தாது வந்தபோதுதான் பெரும் பஞ்சம் வந்தது. கீழ்நாட்டில் அதைக் கதையாகப் பேசுவார்கள். மலைமேல் இந்தத் தேவனூர் நாட்டில் அதைப் பேசுவதே இல்லை.

அண்ணா வெள்ளியங்கிரி சேலத்தில் ஒரு கம்பெனியில் இருந்தார். அலுமினியம் எடுக்கிற மண் எங்கே கிடைக்கும் என்று மலைமலையாகக் குழி தோண்டிப் பார்ப்பது வேலை. நான் தாவரவியல் படித்து முடித்து வீட்டில் சும்மா இருந்தேன். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. அண்ணாவுக்குச் சமைத்துப் போடு, செடிகளைப் பார், என்று அம்மா அனுப்பிவைத்தாள்.

அன்று சோறு வடிக்கும்போது அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் அப்பா நாட்டு வைத்தியர். நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து, தாது விழுந்துவிட்டது என்பார். அவருக்கு அது நாடி. கல்லூரியில் தமிழ் பண்டிதர் வினைச்சொல்லின் வேரைத் தாது என்று சொல்லிக்கொடுத்தார். எனக்கோ அது பூவின் நடுவே விரலில் ஒட்டும் மஞ்சள் தூள். அண்ணாவுக்குச் சிவப்பு மண். இத்தனை பேரும் அதை எதன் தொடக்கமாகவோ சொன்னார்கள். இந்த ஊரில் மட்டும் அது ஒரு முடிவின் பெயர்.

குழி தோண்ட அண்ணா அமர்த்திய ஆட்களில் முத்தன்தான் முக்கியமானவன். கைக்குச் சமமாக அவன் வாயும் வேலை செய்தது. மண்வெட்டியோடு பேசுவான், மாட்டோடு பேசுவான், குழிக்குள் தனியாக இருந்தால் மண்ணோடு பேசுவான். அவன் மனைவி இருசாயி எங்கள் கூடாரத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவாள். முதல் பிள்ளை வயிற்றில்.

அண்ணா மண்ணை நுனிநாக்கில் வைத்து, ஒட்டுகிறதா என்று பார்ப்பார். முதல் தடவை பார்த்தபோது முத்தன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டான்.

"ஏனுங்க அம்மிணி, ஊட்டுல அண்ணனுக்குச் சோறு போடறதில்லீங்களா? மண்ணத் திங்கறாரு."

"நீ உன் வேலையப் பாருடா," என்றார் அண்ணா.

"பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன். உப்பு இருக்குதுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இருசாயி சிரிக்கவில்லை. குடத்தை இறக்கிவைத்தாள்.

"சும்மா இரு மாமா. அந்த வருசம் எங்க பாட்டனூட்டுல நெசமாலுமே தின்னாங்க."

முத்தன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டான்.

தை மாதத்தில், ஊருக்கு மேலே அண்ணா தோண்டிய ஒரு குழியில் அவர் தேடிய மண் கிடைக்கவில்லை. இரண்டு ஆள் ஆழம். ஒரு ஆள் இறங்கும் அகலம்தான். அதை மூடச் சொல்லப் போனபோது ஊர்க்கவுண்டர் வந்தார்.

"மூட வேண்டாமுங்க. எங்களுக்கு வேணும்."

அறுவடைக்குப் பின் ஒவ்வொரு வீடும் விதைச் சாமையில் ஒரு பங்கைப் பொதுக் குழியில் போட்டு மண்ணால் பூசி மூடுவது அவர்கள் வழக்கம். ஆனி மாதம் விதைக்கும்போது திறப்பார்கள். எந்தப் பஞ்சத்திலும் யாரும் அதில் கைவைக்க முடியாது. ஆனால் வரப்போகிற வருஷத்தை நினைத்து இந்தத் தடவை பங்கை மூன்று மடங்காக்கியிருந்தார்கள். பழைய குழிகள் போதவில்லை.

"எடுத்துக்குங்க," என்றார் அண்ணா. "எனக்கு அது வெறுங்குழி." ஒரு உதவி செய்த சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

பழைய குழிகளை நான் பார்த்திருக்கிறேன். பாறைச் சரிவில், மார்பளவு ஆழத்தில், வாய் அகன்றவை. உள்ளே இறங்கி நின்றால் தலை வெளியே தெரியும். அவற்றுக்கு இரண்டு விதிகள் இருந்தன. ஊரில் கடைசியாக எந்த வீட்டில் பிரசவம் ஆனதோ அந்த வீட்டு ஆண்தான் முதலில் இறங்கி முதல் பிடியை எடுக்கவேண்டும். விதைக்கு நெருப்பைக் காட்டக் கூடாது. விளக்கோ பந்தமோ குழியின் பக்கம் வரக் கூடாது. பழைய குழிகளில் இந்த விதிகளால் யாருக்கும் ஒரு கெடுதலும் நேர்ந்ததில்லை.

பங்குனியில் புதுக் குழியை நிரப்பி மூடினார்கள். அந்த மாதக் கடைசியில் இருசாயிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

"குழி தொறக்கறது நாந்தான்," என்று முத்தன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். "எங்கூட்டு மவராசி வரும்போதே வேலையோட வந்திருக்கறா."

சித்திரை பிறந்தது. யாரும் வருஷத்தின் பெயரைச் சொல்லிக் கோயிலில் விளக்கு வைக்கவில்லை. வெறுமனே வைத்தார்கள். எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை வராது என்று பயந்தார்கள். ஆனால் மழை வந்தது. கோடையிலேயே கொட்டியது. வைகாசி முழுக்கப் பெய்தது. ஊர் மெதுவாகச் சிரிக்கத் தொடங்கியது. "பேருதான் பெருசு," என்று கருப்பண்ணன்கூட ஒரு நாள் சொன்னார்.

நான் மண்ணைப் பார்த்தேன். பழைய குழிகள் இருந்த பாறையில் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். இந்தக் களிமண் குடித்துக்கொண்டே இருந்தது.

குழி திறக்க நாள் குறித்த பிறகு, செடி பறிக்கப் போகிறவள் போல மேலே போனேன். மூடியிருந்த மண்பூச்சில் மெல்லிய வெடிப்பு. வெடிப்பைச் சுற்றிலும் எறும்புகள் செத்துக் கிடந்தன. புளித்த கள்ளின் வாசனை. பூச்சின் மேல் உள்ளங்கையை வைத்தேன். காய்ச்சல்காரன் நெற்றி போல் சுட்டது.

ஈரத் தானியம் மூச்சு விடும். மூடிய இடத்தில் அது நல்ல காற்றையெல்லாம் தின்றுவிட்டுக் கரியமில வாயுவை விடும். கனமான வாயு. ஆழமான இடத்தில் தண்ணீர் போலத் தேங்கி நிற்கும். பரீட்சைக்கு எழுதி மதிப்பெண் வாங்கியது. இப்போது அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அண்ணாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் உடனே புரிந்துகொண்டார். முகம் வெளுத்தது. இருவரும் கருப்பண்ணன் வீட்டுக்குப் போனோம்.

"குழிக்குள்ள கெட்ட காத்து இருக்குதுங்க," என்றார் அண்ணா. "ஒரு விளக்கக் கயித்துல கட்டி எறக்கிப் பாருங்க. அணைஞ்சா ஆள எறக்கக் கூடாது."

"விளக்கா?" கருப்பண்ணன் கோபப்படவில்லை. வருத்தப்பட்டது போல்தான் இருந்தது. "வெதைக்கு நெருப்பக் காட்டச் சொல்றீங்களே தொரை. நீங்க உங்க அம்மா வயித்துல இருந்தப்ப யாராச்சும் காட்டுனாங்களா?"

நான் அண்ணாவின் காதில், கோழி, என்றேன். அண்ணா அதை எடுத்துச் சொன்னார். ஒரு கோழியைக் கூடையில் வைத்து இறக்கலாம். கோழி உயிரோடு வந்தால் ஆள் இறங்கலாம்.

கருப்பண்ணன் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "அது செய்யலாம்," என்றார்.

எனக்கு அன்று அந்தப் பதிலில் நிம்மதி மட்டுமே இருந்தது.

ஊர் முழுக்கக் குழியைச் சுற்றி நின்றது. நல்ல வெயில். பூச்சை உடைத்தபோது முன்னால் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தானியம் குழியின் பாதி ஆழத்துக்கு அமுங்கி இறங்கியிருந்தது. மேலே வெறும் பள்ளம், இருட்டு. ஒரு சிவப்புக் கோழியைக் கூடையோடு இறக்கினார்கள். அது கொக்கரித்தது. பிறகு கொக்கரிக்கவில்லை. மேலே இழுத்தபோது கழுத்து தொங்கிக் கிடந்தது.

அண்ணா மூச்சை விட்டார். "பாத்தீங்களா?"

பார்த்தார்கள். சுற்றிலும் முகங்கள் தெளிந்துகொண்டே வந்தன. ஒரு பெண் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வாங்கிக்கிச்சு," என்றார் கருப்பண்ணன். "காவு வாங்கிக்கிச்சு. இனி பயமில்ல. முத்தா, வா."

நான் அண்ணாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் எதையோ சொல்ல வாயெடுப்பதற்குள் இருசாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். தோளில் குழந்தை. அவள் கோழியைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இன்னொரு கோழி எறக்குங்க," என்றாள். "காவு வாங்கி வயிறு நெறஞ்சிருந்தா இன்னொண்ணு எதுக்கு? அது உசுரோட வரோணும்ல?"

அவள் சொன்னதில் யாருக்கும் குறை தெரியவில்லை. அவளே தன் வீட்டுக் கோழியைக் கொண்டுவந்தாள். அதையும் இறக்கினார்கள். அதுவும் செத்து வந்தது.

கருப்பண்ணன் குனிந்து அதைக் கூடையிலிருந்து எடுத்து முதல் கோழியின் பக்கத்தில் வைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"வருசம் பெரிய வருசமாச்சே. ரெண்டு கேட்டிருக்குது. ரெண்டும் குடுத்தாச்சு."

முத்தன் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினான். அவன் முகத்திலும் பயம் இருந்தது. ஆனால் இறங்காமல் போனால் அந்த ஊரில் அவன் வீட்டில் யாரும் தண்ணீர் குடிக்கமாட்டார்கள்.

"அழுவாத புள்ள," என்றான் இருசாயியிடம். "உங்கோழி கெழட்டுக் கோழி. அது பயத்துலயே செத்திருக்கும்."

அண்ணா ஒன்றைத்தான் சாதிக்க முடிந்தது. அக்குளுக்கு அடியில் சுற்றிக் கயிறு கட்டவைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கு, ஒரு பிடி அள்ளு, உடனே "இழு" என்று கத்து. கயிற்றை நாலு பேர் பிடித்தார்கள்.

முத்தன் இறங்கினான். மூச்சைப் பிடிக்க அவனுக்குத் தெரியவில்லை. பேசிக்கொண்டே இறங்கினான். "சுடுது… உள்ள சுடுது… கவுண்டரே, நம்ம சாமை வெந்தே இருக்குது, கொழம்பு கொண்டாங்க…" யாரோ சிரித்தார்கள். பிறகு, "இழு" என்ற குரல் வந்தது. கத்தவில்லை. தூக்கத்தில் முனகுவது போல் வந்தது. இழுத்தார்கள். கயிறு குழி விளிம்பில் ஒரு கல்லில் சிக்கியது. எடுத்துவிட்டு மறுபடி இழுத்தார்கள்.

மேலே வந்தபோது உதடு நீலமாக இருந்தது. மூச்சு இல்லை.

முதலுதவி வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான். குப்புறப் போட்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, முதுகின் விலா மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினேன். விட்டேன். அழுத்தினேன். இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே வரவில்லை. எத்தனை நேரம் என்று தெரியாது. ஒரு தடவை விட்டபோது, அவன் விலா தானாக எழுந்தது.

அதற்குள் கருப்பண்ணன் குனிந்து முத்தனின் மூடிய கையைப் பிரித்திருந்தார். உள்ளே சாமை இருந்தது. அதை உயர்த்திக் காட்டினார். பெண்கள் குலவையிட்டார்கள். நான் இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தேன்.

முதல் பிடி வந்துவிட்டதால் மற்றதை எப்படியும் எடுக்கலாம். நீளக் கழியில் கூடை கட்டி மேல் அடுக்கை அள்ளினார்கள். பாதி பூசணம். நல்லதைப் பொறுக்கி விதைத்தார்கள். மீதியைக் குழியிலேயே விட்டு மறுபடி மூடினார்கள்.

முத்தன் எழுந்தான். நடந்தான், சாப்பிட்டான். ஆனால் சொற்கள் போய்விட்டன. வாயைத் திறந்து தேடுவான். கழுத்து நரம்பு புடைக்கும். கடைசியில் ஒன்றே ஒன்று வரும்.

"இழு."

தண்ணீருக்கும் அதுதான். பசிக்கும், குழந்தை அழுவதற்கும், மழைக்கும், மாட்டுக்கும் அதுதான். எத்தனை பேசிய வாய். முதலில் இருசாயி ஒவ்வொரு தடவையும் அழுதாள். பிறகு கவனிக்கத் தொடங்கினாள். கண் எங்கே போகிறது, குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தாள். ஆடி முடிவதற்குள் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நான் பார்க்கும்போதே அவன் இரண்டு தடவை இழு என்பான். ஒன்றுக்குத் தண்ணீர் கொடுப்பாள். மற்றதற்குக் கதவைத் திறந்துவைப்பாள்.

ஊரும் கவனித்தது. குழி வாயில் வைத்துத் திருப்பிக் கொடுத்த ஆள் சும்மா ஒரு சொல்லைச் சொல்வானா? முதலில் பக்கத்துக் குண்டூர் நாட்டிலிருந்து ஒருவர் காணாமல் போன எருமையைப் பற்றிக் கேட்க வந்தார். "இழு" என்றான் முத்தன். எருமை ஓடைச் சேற்றில் சிக்கியிருக்கிறது என்று அவர் புரிந்துகொண்டு போனார். அங்கேதான் இருந்ததாம். அதற்குப் பிறகு வாழைச்சீப்போடு வரத் தொடங்கினார்கள். கிணறு வெட்டுகிறவனுக்கு அது ஆழம். பெண் கேட்டுப் போகிறவனுக்குச் சம்மதம். அடுத்த வீட்டு ஆயம்மாளுக்கு ஆறாம் மாதம். வயிற்றைக் காட்டி, பையனா பெண்ணா என்று கேட்டாள். அதே பதில். பையன் என்று அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

"அவருக்கு முதுகு அரிக்குதுங்க," என்றாள் இருசாயி, அவள் போன பிறகு. "அதச் சொன்னாரு."

ஐப்பசியில் அடைமழை. பிறகு கார்த்திகையும் நனைந்தது. வயலில் சாமை கதிரிலேயே முளைத்து அழுகியது. யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து அந்த வருஷம் வந்தது. வீடுகளில் பானை காலியாகத் தொடங்கியது. குழியின் அடியில் மிச்சம் இருந்தது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. விதைத்தது போக மிச்சம்தான், தின்னலாம், அடியில் கெட்டிருக்காது என்றார்கள். கூடைக்கு எட்டாது. மூடிய குழியைத் திறந்தால் விதியும் மறுபடி வரும், முத்தனைத்தான் இறக்கவேண்டும். அவன் வீட்டுக்குப் பின் ஊரில் வேறு பிரசவம் ஆகவில்லை.

சாவடியில் கூடினார்கள். மழை விட்டிருந்தது. முத்தனை நடுவில் உட்காரவைத்தார்கள்.

நான் பேசினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. குழியைச் சரிவின் கீழ்ப்பக்கமாக வெட்டித் திறந்தால் கெட்ட காற்று தண்ணீர் போல வடிந்துவிடும், யாரும் இறங்கவே வேண்டாம், என்றேன். அண்ணா தன் ஆட்களைத் தருவதாகச் சொன்னார்.

"வெதக்குழிய வயித்துல கீறச் சொல்றீங்களா அம்மிணி?" கருப்பண்ணன் தாழ்ந்த குரலில்தான் கேட்டார். "நீங்க நாளைக்கு எறங்கிப் போயிருவீங்க. நாங்க அதோட இங்க இருக்கோணும்." பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "ஏப்பா, அவனக் கேட்டுப்போடலாம். முத்தா, ஒருக்காத்தான். எறங்கறயா?"

முத்தன் கயிற்றைப் பார்த்தான். குழிக்கென்றே நாரில் திரித்த ஒரே கயிறு, ஒருவர் தோளில் சுருட்டிக் கிடந்தது.

"இழு," என்றான். "இழு, இழு, இழு."

"பாத்தீங்களா, அவனே அவசரப்படறான்," என்றார் ஒருவர்.

அவன் குதிகால்கள் மண்ணை உழுதுகொண்டு பின்னால் போயின. என்னைத் தவிர யாராவது அவன் காலைப் பார்த்தார்களா என்று தெரியவில்லை.

"வேண்டாங்கறாரு," என்றாள் இருசாயி.

"உனக்கு மட்டுந்தான் அவம் பாசை தெரியுமா? ஊருக்கே சொல்றான், உனக்கு வேற சொல்வானா?" என்றார் அந்த ஆள்.

"ஊருக்கு அவரு ஒண்ணும் சொல்லலீங்க. நீங்கதான் அவரு வாயில போட்டு எடுத்துக்கிட்டீங்க."

அவள் எழுந்தாள். குழந்தையை என் மடியில் வைத்தாள். கயிற்றை வைத்திருந்தவரிடம் போனாள். இடுப்பில் செருகியிருந்த கருக்கரிவாளை அவள் எடுத்ததை அவர் கவனிக்கும்போது கயிறு இரண்டு துண்டாகிவிட்டது. அவள் நிறுத்தவில்லை. கீழே விழுந்ததையும் மிதித்துக்கொண்டு அறுத்தாள்.

கருப்பண்ணன் கத்தவில்லை. குழிக் கயிற்றை அறுத்த வீடு ஊரில் இருக்க முடியாது. அதை அவர் சொல்லவும் இல்லை. அவளுக்கே தெரியும். வீட்டுக்குப் போய் ஒரு பானையும் போர்வையும் எடுத்துவந்தாள். குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். முத்தனின் கையைப் பிடித்தாள்.

"கீழ எங்க போவே?" என்று கேட்டேன்.

"எங்கயாச்சும் கல்லுடைக்கலாமுங்க. அவரு கை நல்லாத்தான் இருக்குது."

அண்ணா தன் மேல்துண்டை எடுத்து முத்தன் தோளில் போர்த்தினார். அவர்கள் கிழக்குப் பாதையில் இறங்கினார்கள். முத்தன் திரும்பிப் பார்க்கவில்லை. ஏதோ சொன்னான். அவள், "ஆமா, வழுக்குது, பாத்து வா," என்றாள்.

சாவடியில் கூட்டம் கலையவில்லை. கருப்பண்ணன் அறுந்த துண்டுகளைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"புதுக் கயிறு திரிக்க ஒரு மாசம் ஆகும்," என்றார் யாரையும் பார்க்காமல். "ஆகட்டும். அதுக்குள்ள அடுத்த பிரசவம் ஆயிரும்."

ஆயம்மாளின் புருஷன் காத்தான் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். ஒவ்வொருவராக அவன் பக்கம் திரும்பினார்கள். அவனுக்குப் பின்னால் நின்ற ஆயம்மாள் முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டாள்.